பால் இல்லை என்று சொன்னது யார்?

(தொலைக்காட்சிக் கருத்துமேடையில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தாய்ப்பால் கொடுப்பதும் நிறுத்துவதும் யார் எடுக்கும் முடிவு?' இதுதான் இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. நான் மருத்துவர் அல்ல. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துவிட்டு மைக்கைப் பிடித்துப் பிழைக்கிறவள். ஆனால் நெகிரி செம்பிலான் தோட்டத்தில் பிறந்தவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அந்த உரிமையில்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

சில காலத்திற்கு முன்பு ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்திற்குப் படப்பிடிப்புக்குப் போயிருந்தோம். பச்சைக் குழந்தை வைத்திருக்கும் ஓர் இளம் தாயைப் பேட்டி எடுத்தேன். "தாய்ப்பால் கொடுக்கிறீங்களாம்மா?" என்று கேட்டு மைக்கை அவர் பக்கம் நீட்டினேன். பக்கத்தில் நின்ற மாமியார் பதில் சொன்னார்: "எங்க கொடுக்குறது? இவளுக்குப் பால் இல்ல. நாப்பது நாளோட நிறுத்தியாச்சு." கணவரும் சேர்ந்து கொண்டார்: "பவுடர்தாங்க வாங்குறோம். புள்ள நல்லா குடிக்குது." அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. நான் கேட்டது அவரை. பதில் சொன்னவர்கள் மற்றவர்கள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே தூளியில் கிடந்த பிள்ளை வீறிட்டு அழுதது. அந்தப் பெண் சட்டென்று துண்டை எடுத்து மார்பை மூடிக்கொண்டார். அவர் சட்டை நனைந்திருந்தது. பால் இல்லை என்று சொல்லப்பட்ட பெண்ணுக்கு, பிள்ளையின் அழுகுரல் கேட்டதும் பால் கசிந்தது. கேமராக்காரரை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்தக் காட்சியை நாங்கள் ஒளிபரப்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. பால் இல்லை என்று முடிவு செய்தது யார்?

தொடங்குவோர் பலர், தொடர்வோர் சிலர்

நம் நாட்டுத் தாய்மார்களுக்குத் தாய்ப்பாலின் அருமை தெரியவில்லை என்று மேடைதோறும் பேசுகிறோம். இது உண்மையா? 2006-ஆம் ஆண்டில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வைப் பாருங்கள். பெற்ற பிள்ளைக்கு ஒரு முறையாவது தாய்ப்பால் கொடுத்தவர்கள் 100-க்கு ஏறக்குறைய 95 பேர். ஆனால் ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளில், தண்ணீர்கூடச் சேர்க்காமல் தாய்ப்பால் மட்டுமே குடித்தவை 14.5 விழுக்காடுதான். 2016 ஆய்வில் இது 47.1 விழுக்காடாக உயர்ந்தது. 2022 ஆய்வில் பாதியைச் சற்றே தாண்டியது. நல்ல முன்னேற்றம்தான். இருந்தாலும் இன்னும் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு வேறு ஏதோ ஒன்று புகட்டப்படுகிறது.

இந்தக் கணக்கு நமக்கு என்ன சொல்கிறது? தாய்மார்களுக்கு ஆசை இருக்கிறது. தொடங்குகிறார்கள். தொடர முடியாமல்தான் போகிறது. ஆசை இல்லாதவர்களுக்கு அறிவுரை சொல்லலாம். ஆசை இருந்தும் முடியாதவர்களிடம் போய் அறிவுரை சொன்னால், அது பசித்தவனிடம் சமையல் குறிப்பு வாசிப்பது போல. அவர்களுக்கு வழியில் எது குறுக்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நான் பார்த்த வரையில் மூன்று இடங்களில் தடை வருகிறது. முதல் மூன்று நாள், வேலைக்குத் திரும்பும் நாள், வீட்டில் காசு எண்ணும் நாள்.

முதல் மூன்று நாள்

பிரசவம் ஆனதும் முதலில் வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாக இருக்கும். 'கெட்ட பால், பீய்ச்சிக் கொட்டு' என்று சொல்லும் பாட்டிமார்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள்; இன்னும் இருக்கிறார்கள். நோயை எதிர்க்கும் சக்தி நிறைந்தது அந்தப் பால்தான். பிள்ளைக்கு அதுவே முதல் தடுப்பூசி என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். முதல் நாளில் குழந்தையின் வயிறு கொள்வது ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான். அதற்குச் சீம்பால் போதும். பால் நன்றாக ஊற இரண்டு மூன்று நாள் ஆகும். அறுவைச் சிகிச்சை என்றால் இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். முதல் சில நாள்களில் குழந்தையின் எடை சற்றுக் குறைவதும் இயல்பே.

ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? பிள்ளை அழுகிறது. "பால் பத்தல" என்று ஒருவர் சொல்கிறார். சீனித் தண்ணீர் வருகிறது. அடுத்து ஒரு புட்டிப் பால் வருகிறது. பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கண்டால் கேட்கவே வேண்டாம். "தாய்ப்பால்தான் காரணம், நிறுத்து" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். அடிக்கடி பால் கொடுத்தால் மலத்தோடு மஞ்சள் வெளியேறும் என்பதே மருத்துவம் சொல்வது. மஞ்சள் கண்ட பிள்ளையைக் கிளினிக்கில் காட்ட வேண்டும். சீனித் தண்ணீரும் காலை வெயிலும் அதற்கு மருந்தல்ல.

இதில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். கிணற்றில் இறைக்க இறைக்கத் தண்ணீர் சுரப்பது போலத்தான் இதுவும். ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்தால், அந்த வேளைக்கு மார்பில் இறைப்பு இல்லை. அடுத்த நாள் ஊற்று குறைகிறது. "பார், நான் சொன்னேனே, பால் இல்லை" என்கிறார்கள். மறுநாள் இரண்டு புட்டி. ஒரு வாரத்தில் பால் உண்மையிலேயே இல்லாமல் போகிறது. அம்மாவும் நம்பிவிடுகிறார். 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது நம் பழமொழி. நம் வீடுகளிலோ, பிள்ளை அழுதால் டின் திறக்கிறது.

பால் போதுமா என்று அறிய அழுகையைப் பார்க்காதீர்கள், நாப்கினைப் பாருங்கள். ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் பால் போதுகிறது என்று பொருள். கிளினிக்கிலிருந்து வரும் மிஸ்ஸியிடம் எடை பார்க்கச் சொல்லுங்கள். மாமியார் சொல்லும் கணக்கை விடத் தராசு சொல்லும் கணக்கு சரியாக இருக்கும்.

இந்த இடத்தில் மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. நான் உங்களைக் குற்றம் சாட்ட வரவில்லை. பூண்டும் பத்தியக் குழம்பும் செய்து கொடுத்து, துணி துவைத்து, இரவெல்லாம் பேரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் நீங்கள்தான். உங்கள் காலத்தில் உங்களுக்கு யார் என்ன சொன்னார்களோ அதையே நீங்களும் சொல்கிறீர்கள். அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால், கதை வெகுதூரம் போகிறது.

டின் வந்த கதை

ஆங்கிலேயர் காலத்திலேயே மலாயாவில் இனிப்புக் கட்டிப்பால் டின் கடை கடையாக வந்துவிட்டது. காப்பிக்கு வாங்கியது பிள்ளைக்கும் போனது. அதில் சீனி மிகுதி. குழந்தைக்கு வேண்டிய சத்து இல்லை. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், ஆப்பிரிக்காவில் வேலை செய்துவிட்டு 1936-இல் இங்கு மாற்றலாகி வந்தார். டின் பால் குடித்து வயிற்றுப்போக்கில் சாகும் குழந்தைகளைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதற்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. தவறான பால் விளம்பரத்தைக் கொலைக்கு ஒப்பான குற்றமாகக் கருத வேண்டும் என்று அந்தக் கூட்டத்திலேயே சொன்னார். எத்தனை துணிச்சல் பாருங்கள்!

ஜப்பானியர் ஆட்சியில் அவரைச் சாங்கி சிறையில் அடைத்தார்கள். அங்கே இருபது குழந்தைகள் பிறந்தன, இருபதுக்கும் தாய்ப்பால் கொடுக்கப்பட்டது, இருபதும் பிழைத்தன என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். பசியும் பஞ்சமுமாய் இருந்த சிறை அது. டின் பால் கிடைக்காத இடத்தில் தாய்ப்பால் பிள்ளைகளைக் காப்பாற்றியது.

அவர் சொன்னதை நாடு கேட்க நாற்பது ஆண்டுகள் ஆயின. 1979-இல்தான் மலேசியா குழந்தைப் பால்மாவு விற்பனைக்கு ஒரு நெறிமுறையைக் கொண்டு வந்தது. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் அனைத்துலக நெறிமுறையை ஏற்றது. விற்பனைப் பெண்களைத் தாதி போல் உடுத்தி மருத்துவமனைக்குள் அனுப்புவதும், தாய்மார்களுக்கு இலவச மாதிரி டின் கொடுப்பதும் கூடாது என்று ஆனது அதன் பிறகே. இந்தப் போராட்டத்தில் நம் பினாங்குக்குப் பெரிய பங்கு உண்டு. 1991-இல் தொடங்கப்பட்ட உலகத் தாய்ப்பால் செயற்கூட்டணியின் தலைமையகம் பினாங்கில்தான் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு முதல் வாரம் உலகமெங்கும் கொண்டாடப்படும் தாய்ப்பால் வாரத்தை 1992-இல் தொடங்கி வைத்ததும் அந்தக் கூட்டணியே. 1998-இல் அரசாங்க மருத்துவமனைகள் அனைத்தும் 'குழந்தை நேய மருத்துவமனை' என்ற தகுதியைப் பெற்றதால், உலகில் அந்தப் பெருமையை அடைந்த மூன்றாவது நாடாக மலேசியா அறிவிக்கப்பட்டது.

ஆனால் அதற்கு முன்பு பிள்ளை பெற்றவர்கள் யார்? இன்றைய மாமியார்களும் பாட்டிமார்களும். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வைத்து, மணி பார்த்துப் புட்டிப்பால் கொடுத்த காலம் அவர்கள் காலம். புட்டிப்பால்தான் நாகரிகம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் நம்பியதில் தவறு என்ன இருக்கிறது?

தோட்டத்து லயங்களில் இதன் விலை இன்னும் அதிகம். 1976, 77-ஆம் ஆண்டுகளில் தீபகற்ப மலேசியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் ஒரு பெரிய குடும்ப ஆய்வு நடத்தப்பட்டது. அதை வைத்து 1988-இல் ஆய்வாளர்கள் ஓர் உண்மையை எழுதினார்கள். கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் இல்லாத வீடுகளில்தான், தாய்ப்பால் இல்லாத குழந்தைகளுக்கு உயிராபத்து மிக அதிகம். காரணம் எளிது. பால்மாவு தனியாக வயிற்றுக்குள் போவதில்லை, தண்ணீரோடு போகிறது. பொதுக் குழாயில் பிடித்து, சரியாகக் கொதிக்க வைக்காத தண்ணீரில், சரியாகக் கழுவாத புட்டியில் கலக்கினால் அதுவே நஞ்சாகிறது. யாருக்கு வசதி குறைவோ அவர்களுக்குத்தான் தாய்ப்பால் அதிகம் தேவை. அவர்களுக்குத்தான் அதைக் கொடுக்க நேரமும் குறைவு.

பெரட்டு மணியும் ஆயாக்கொட்டகையும்

என் அம்மா பால்மரம் சீவியவர். நான் பிறந்து இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் என்னைத் துணியில் சுற்றி ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவாராம். மரம் சீவி முடித்து, மங்கிலிருந்து பால் எடுத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போய், நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். அதுவரை ஆயம்மா கலக்கிக் கொடுத்த புட்டிப்பால்தான் எனக்கு.

எனக்கு முதல் பிள்ளை பிறந்த பிறகு ஒரு நாள் அம்மாவிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்: "ஏம்மா எனக்கு ரெண்டு மாசத்தோட நிறுத்துனீங்க?" அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் எங்கம்மா நிறுத்துனேன்? பத்து மணிக்கெல்லாம் நெஞ்சு கட்டிக்கிட்டு வலிக்கும். மரத்துப் பாலை மங்குல எடுத்தேன். எம் பாலை மரத்தடியில பீய்ச்சி விட்டேன். கொஞ்ச நாள்ல அதுவா நின்னு போச்சு."

நேயர்களே, இதை அம்மா எடுத்த முடிவு என்று சொல்வீர்களா? பெரட்டு மணி எடுத்த முடிவு அது.

ஆயாக்கொட்டகை ஒரு நல்ல ஏற்பாடுதான். தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டமும் சொல்கிறது. ஆனால் பிள்ளையைப் பார்த்துக் கொள்ள இடம் இருந்ததே தவிர, தாய் நடுவில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போக நேரம் இல்லை. நிறை சொல்லும் கணக்குக்குத்தான் சம்பளம். அரை மணி நேரம் காட்டை விட்டு வந்தால் அரை மணி நேரச் சம்பளம் போகும்.

இன்று கித்தாக் காடுகள் பல செம்பனையாகிவிட்டன. நீலாய், செனவாங், செண்டாயான் பக்கம் எத்தனையோ தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. மரம் சீவியவரின் மகள் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறார். அவரை ஏற்றிச் செல்ல விடியுமுன் தொழிற்சாலை பஸ் வருகிறது. பெரட்டு மணி போய் பஸ் ஹாரன் வந்திருக்கிறது. வேறு என்ன மாறியது?

ஒன்று மாறியிருக்கிறது. தனியார் துறையில் 60 நாளாக இருந்த பேறுகால விடுமுறை, 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து 98 நாளாகிவிட்டது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் கணக்குப் பாருங்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்கிறது சுகாதார அமைச்சு. ஆறு மாதம் என்றால் ஏறக்குறைய 180 நாள். விடுமுறை 98 நாள். மீதி 80 நாளுக்கு மேல் அந்தத் தாய் என்ன செய்வார்? அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு கொண்டு வந்த பேறுகாலப் பாதுகாப்பு உடன்படிக்கை, 14 வார விடுமுறையோடு வேலை நேரத்தில் பாலூட்டும் இடைவேளையும் வேண்டும் என்கிறது. 14 வாரம் என்பதுதான் நம் 98 நாள். விடுமுறை வந்துவிட்டது; இடைவேளை நம் வேலைச் சட்டத்தில் இன்னும் வரவில்லை.

மருந்து அடிக்கும் கைகள்

தோட்டத்தில் இன்னும் வேலை செய்யும் சகோதரிகள் என்னிடம் தனியாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "நாங்க புல்லு மருந்து அடிக்கிறோம். இந்த உடம்புல ஊறுற பாலைப் புள்ளைக்குக் கொடுக்கலாமா?" இந்தப் பயத்திலேயே நிறுத்தியவர்கள் உண்டு. பயம் காரணமில்லாததல்ல. தோட்டங்களில் மருந்து அடிக்கும் பெண்களின் உடல்நிலை பற்றி 2002-இல் தெனாகானித்தா அமைப்பு ஓர் ஆய்வை வெளியிட்டு நாட்டின் கவனத்தை ஈர்த்தது. பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லிக்கு 2020 முதல் இங்கு தடை வந்துவிட்டது. மற்ற மருந்துகள் இருக்கவே செய்கின்றன.

இதற்கு வழி பாலை நிறுத்துவதல்ல, வேலையை மாற்றுவது. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் மருந்து அடிக்கும் வேலை தரக்கூடாது என்று நாம் கேட்க வேண்டும். பயம் இருந்தால் கிளினிக்கில் வேலையின் விவரத்தைச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை, வேலை உடையை மாற்றிக் குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். நம் வேலையில் இருக்கும் ஆபத்துக்கு நம் பிள்ளையின் உணவைப் பறிப்பது நியாயமா?

காசு எண்ணும் நாள்

தகப்பன்மார்கள் இதுவரை நிம்மதியாகக் கேட்டுக் கொண்டிருப்பீர்கள். இனி உங்கள் முறை.

தீபகற்ப மலேசியாவில் நடத்திய ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. யார் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறார்கள் என்று அதில் பார்த்தார்கள். வேலைக்குப் போகாதவர்கள், கிராமப்புறத்தில் இருப்பவர்கள், ஏற்கனவே பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவர்கள் முன்னால் நின்றார்கள். அவர்களோடு இன்னொரு கூட்டமும் நின்றது. கணவரின் ஆதரவு பெற்ற பெண்கள். வேலையை மாற்றுவது கடினம். வீட்டை மாற்றுவது கடினம். ஆனால் கணவர் மாறுவதற்குக் காசு பணம் வேண்டாமே!

ஆதரவு என்றால் "கொடும்மா, கொடு" என்று வாயால் சொல்வதல்ல. இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை அழுதால் எழுந்து தூக்கிக் கொடுப்பது. பால் கொடுக்கும்போது அவருக்கு ஒரு குவளை தண்ணீர் கொண்டு வருவது. மூத்த பிள்ளையைக் குளிப்பாட்டுவது. "பால் பத்தல" என்று உறவினர் யாராவது ஆரம்பித்தால், "மிஸ்ஸி எடை பார்த்தாங்க, நல்லாத்தான் இருக்கு" என்று மனைவிக்காக ஒரு வார்த்தை பேசுவது. அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காராமல் இருப்பது.

காசுக் கணக்கையும் போடுங்கள். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. வீட்டு வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, மளிகை, பள்ளி பஸ் எல்லாம் போக மாதக் கடைசியில் என்ன மிஞ்சும்? அந்த மிச்சத்தில்தான் பால்மாவு வாங்க வேண்டும். சம்பளம் வர இன்னும் ஐந்து நாள் இருக்கும். டின்னின் அடிப்பாகம் தெரியும். அப்போது என்ன செய்கிறார்கள்? நான்கு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி போடுகிறார்கள். பிள்ளைக்கு வயிறு நிறையும், சத்து சேராது. இது யாருடைய கொடுமையும் அல்ல, வறுமை. ஆனால் நாற்பதாவது நாளில் நின்றுபோன தாய்ப்பாலின் விலையை அந்தக் குடும்பம் மாதாமாதம் கட்டிக் கொண்டிருக்கிறது.

நோய்க் கணக்கும் இருக்கிறது. உலகில் எல்லாத் தாய்மார்களும் தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைச் சாவுகளையும், மார்பகப் புற்றுநோயால் நேரும் 20,000 சாவுகளையும் தவிர்க்கலாம் என்று 2016-இல் லான்செட் மருத்துவ இதழ் கணக்கிட்டது. பால் கொடுக்கும் தாய்க்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் குறைகிறது. வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி இருக்கும் நம் சமுதாயத்திற்கு இது சின்ன விஷயமா?

தோற்றவளும் நான்தான்

இவ்வளவு பேசும் நான், என் முதல் பிள்ளைக்கு ஒழுங்காகக் கொடுத்தேனா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. வேலைக்குத் திரும்பிய மூன்றாவது வாரத்தில் நின்றுவிட்டது. பாலை எடுத்து வைக்க எனக்குக் கிடைத்த இடம் பெண்கள் கழிப்பறை. ஒரு கையில் பம்ப். வெளியே கதவைத் தட்டும் சத்தம். கழிப்பறையில் உட்கார்ந்து யாராவது சாப்பிடுவார்களா? என் பிள்ளையின் சாப்பாட்டை நான் அங்கேதான் எடுத்தேன். ஒரு நாள் முடியவில்லை. அடுத்த நாளும் முடியவில்லை. அப்படியே போய்விட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் மிகவும் வலித்தது. கிளினிக்கில், திருமண வீட்டில், பக்கத்து வீட்டில், எல்லாரும் கேட்டார்கள்: "ஏன் நிறுத்துன? படிச்ச பொண்ணுதானே நீ?" இடம் ஏற்படுத்தித் தராதவர்களை யாரும் கேட்கவில்லை. நான் அந்தக் கோபத்தைத்தான் என் அம்மாவிடம் போய்க் காட்டினேன். அவர் மரத்தடிக் கதையைச் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கு மரத்தடி, எனக்குக் கழிப்பறை. முப்பது ஆண்டில் நாங்கள் முன்னேறிய தூரம் அவ்வளவுதான்.

இரண்டாவது பிள்ளைக்குப் பதினெட்டு மாதம் கொடுத்தேன். நான் அதிகம் படித்துவிட்டதாலோ, மனவுறுதி கூடிவிட்டதாலோ அல்ல. பொருள்கள் அடுக்கி வைக்கும் சின்ன அறை ஒன்றின் சாவியை என் மேற்பார்வையாளர் என்னிடம் கொடுத்தார். எடுத்த பாலை வீட்டில் சூடுபடுத்தி, கிண்ணத்தில் புகட்டக் கற்றுக்கொண்டவர் என் மாமியார். என் அம்மா, இந்த முறை, "பால் பத்துதா?" என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அதே உடம்பு, அதே பால். மாறியது சுற்றி இருந்தவர்கள்.

நாம் செய்யக்கூடியவை

எனவே என் வேண்டுகோள் தாய்மார்களுக்கு அல்ல, மற்ற எல்லாருக்கும்.

முதலாளிமார்களே, மேலாளர்களே: தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு குளிர்ப்பெட்டி, ஒரு ஷிப்டில் இரண்டு முறை இருபது நிமிடம். இதற்குச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். எடுத்த பாலை அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரையிலும், குளிர்ப்பெட்டியில் நான்கு நாள் வரையிலும் வைக்கலாம். ஐஸ் கட்டி போட்ட ஒரு பையில் அது பத்திரமாக வீடு போய்ச் சேரும்.

தொழிற்சங்கத் தலைவர்களே: அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் சம்பளத்திற்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள். பாலூட்டும் இடைவேளைக்குச் சம்பளப் பிடித்தம் கூடாது. பால் கொடுக்கும் தாய்க்கு மருந்து அடிக்கும் வேலை கூடாது.

கோயில் நிர்வாகத்தினரே: திருவிழாக் காலத்தில் செருப்பு வைக்க இடம் ஒதுக்குகிறோம். தாய்மார் அமர்ந்து பால் கொடுக்க ஒரு திரை மறைவு ஒதுக்கக் கூடாதா?

பாட்டிமார்களே: பேரப் பிள்ளை பிறந்தால், கிளினிக்கிற்கு மருமகளை மட்டும் அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். மிஸ்ஸி சொல்வதை உங்கள் காதால் கேளுங்கள். வீட்டில் உங்கள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு டாக்டர் சொல்லுக்குக்கூட இல்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். உடல்நிலையாலும் மருந்துகளாலும் கொடுக்க முடியாத தாய்மார்கள் இருக்கிறார்கள். முயன்று பார்த்து முடியாமல் போனவர்களும் இருக்கிறார்கள். புட்டிப்பால் கொடுக்கும் எந்தத் தாயையும் பார்த்து முகம் சுளிக்க நமக்கு உரிமை இல்லை. பால்மாவு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கொதிக்க வைத்த தண்ணீரில், டின்னில் எழுதியிருக்கும் அளவு குறையாமல் கலக்க அவருக்கு உதவுவோம்.

முடிக்கும் முன் ரந்தாவ் பெண்ணிடம் திரும்பிப் போகிறேன். அன்று படப்பிடிப்பு முடிந்து வேனில் ஏறும்போது, அவர் வீட்டின் பின்பக்கமாக வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, நிறுத்துனத திரும்ப ஆரம்பிக்க முடியுமா?" முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது. "கிளினிக்குல கேட்டுப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்துகொண்டேன். பிள்ளையை அடிக்கடி மார்பில் போட்டு, பொறுமையாக, தாதியின் துணையோடு முயன்றால் பலருக்குப் பால் மீண்டும் ஊறும். அன்று சொல்ல முடியாததை இன்று இந்த மேடையிலிருந்து சொல்கிறேன். தங்கச்சி, நீ எங்கிருந்தாவது இதைப் பார்த்துக் கொண்டிருந்தால், அடுத்த பிள்ளைக்காவது உன் பதிலை நீயே சொல். பக்கத்தில் இருப்பவர்களே, தயவுசெய்து அவரைச் சொல்ல விடுங்கள்.